இரண்டு கதவு வண்டி

முட்டிவலித் தைலத்தின் வாசனையை வைத்தே ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்கிற வயதுக்கு வந்துவிட்டோம் நாம். அதனால் என் வயதுக்காரர்களான உங்களிடம்தான் இந்த நியாயத்தைக் கேட்க முடியும். நான் ஒரு கார் வாங்கப் போகிறேன். சின்னது. கறிகாய் வாங்க, கண் டாக்டரிடம் போக, என்னோடு இருக்கும் அக்காவைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப் போக. அவ்வளவுதான் அதற்கு வேலை. இதைச் சொன்னதும் என் மகன் சிரித்தான்.

"அம்மா, அந்த மாடலையெல்லாம் இப்ப யாரும்மா வாங்கறாங்க? மேல கண்ணாடி தொறக்கிற மாதிரி, பெருசா, ஒசரமா ஒண்ணு எடுக்கலாம். இல்லேன்னா வண்டியே வேணாம். போன்ல கூப்ட்டா டாக்ஸி வருதில்ல?"

வருகிறதாம். அவன் ஒரு நாள் எங்கள் தெருமுனையில் நின்று பார்க்கட்டும். டாக்ஸி வரும். அக்காவின் கைத்தடியையும் காலில் கட்டியிருக்கும் இரும்பையும் டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்ப்பார். உடனே அவருக்கு வேறு ஏதோ அவசரம் வந்துவிடும். போனில் 'ரத்து' என்று ஒரு வரி விழும். அக்கா கைத்தடியைத் திருப்பி ஊன்றிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடப்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். இந்த வயதில் கோபப்பட்டால் ரத்த அழுத்தம் ஏறும் என்கிறார்கள். ஏறட்டுமே, மாத்திரைதான் இருக்கிறதே.

பெரிய வண்டியா சின்ன வண்டியா என்ற சண்டை எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. நான் பாவாடை கட்டிக்கொண்டு மர்பி டவுன் சந்துகளில் ஓடித் திரிந்த காலத்தில், ஒரு மழைப்பருவம் முழுக்க இதே சண்டை நடந்தது. பெங்களூரில் அப்போதெல்லாம் ஜூன் பிறந்தால் மழை சொல்லி வைத்தாற்போல் சாயங்காலம் வரும். ஓட்டுக் கூரையில் அது விழுகிற சத்தத்தோடுதான் எனக்கு அந்தச் சண்டை நினைவிருக்கிறது.

அப்பா ஒரு கம்பெனிப் பெரியவருக்கு டிரைவர். வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி. அம்மா கன்டோன்மென்ட் பக்கத்தில் ஒரு கான்வென்ட்டில் ஆயா. அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். குழந்தையில் வந்த போலியோவில் அவளுடைய இடது கால் சூம்பிப்போய்விட்டது. தொடையிலிருந்து பூட்ஸ் வரை இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, குறுக்கே தோல் வார்கள், முட்டியிடத்தில் ஒரு பூட்டு. நின்றால் அந்தப் பூட்டைப் போட வேண்டும். உட்கார்ந்தால் எடுக்க வேண்டும். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். இருட்டில்கூட அந்தச் சத்தத்தைக் கேட்டு அக்கா உட்கார்ந்துவிட்டாள் என்று சொல்லிவிடுவேன்.

அந்த வருஷம் அக்கா பி.யு.சி.யில் கணக்கில் வெளுத்து வாங்கிவிட்டாள். பக்கத்துக் கல்லூரியில் அதற்கு மேல் கணக்குக் கிடையாது. ஊரின் அந்தக் கோடியில் இருந்த ஒரு பெண்கள் கல்லூரியில் இடம் கிடைத்தது. இரண்டு பஸ் மாற வேண்டும். பெயர் பதிக்கப் போன அன்றைக்கே அல்சூர் மார்க்கெட் ஸ்டாப்பில் கண்டக்டர், "பேக ஹத்தம்மா, பேக" என்று சீக்கிரம் ஏறச் சொல்லி அவசரப்படுத்தினார். ஒரு காலைப் படியில் வைத்து மறு காலைத் தூக்குவதற்குள் விசில் அடித்துவிட்டார். அக்கா ரோட்டில் விழுந்தாள். நான்கு பேர் கையைப் பிடித்து, கக்கத்தில் கைகொடுத்து, மூட்டையைத் தூக்குகிற மாதிரி தூக்கி நிறுத்தினார்கள். அடிபட்டதற்கு அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து, "தூக்கினாங்கம்மா. கேக்காமயே தூக்கினாங்க" என்று சொல்லி அழுதாள்.

மறுநாளே ஸ்ரீராம்புரத்திலிருந்து அத்தை வந்துவிட்டாள். அப்பாவுக்கு அக்காள். வாசலில் செருப்பை விடும்போதே பேச்சை ஆரம்பித்துவிடுகிற ரகம்.

"படிச்சது போதும். அவளுக்குன்னு எடுத்து வெச்ச நகை இருக்குதில்ல? அதப் போட்டு எவனாவது ஒரு நல்லவனுக்குக் கட்டிக் குடுத்துரு. நொண்டிப் பொண்ண ஊரு சுத்த உட்டா நாளைக்கு யாருனா கேட்டா இன்னா பதில் சொல்றது?"

"அத்தை, நான் காலேஜுக்குப் போவேன்" என்றாள் அக்கா. "தெனமும் போவேன். யாரும் என்னத் தூக்கக் கூடாது. நானே ஏறி, நானே எறங்கணும்."

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப கார் வாங்கிரலாம்" என்றாள். அதே குரலில்தான் அவள் 'அப்ப ரசம் வெச்சிரலாம்' என்றும் சொல்வாள்.

அத்தை சிரித்த சிரிப்பு அடுத்த குழாயடி வரை கேட்டிருக்கும். சிரிக்காமல் என்ன செய்வாள்? எங்கள் வரிசையில் சைக்கிள் வைத்திருந்தவர்களையே விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அம்மா தினமும் கான்வென்ட்டில் ஒரு காட்சி பார்த்து வந்தாள். அங்கே ஒரு சட்டைக்கார டீச்சர், ஆங்கிலோ இந்தியப் பெண், தனியாளாகத் தன் காரை ஓட்டிக்கொண்டு வருவார், நிறுத்துவார், சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போவார். யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. அம்மாவின் மனதில் அது எத்தனை நாளாக ஊறிக்கொண்டிருந்ததோ.

நகையை விற்றால் கார் வரும் என்றானதும், ஆச்சரியம் பாருங்கள், அப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது. அவருடைய முதலாளி புது வண்டி எடுக்கப் போகிறார். பழைய கறுப்பு வண்டியை, "நீயே வெச்சிக்கோய்யா, உனக்குன்னா குறைச்சித் தர்றேன்" என்றாராம். பெரிய வண்டி. முன்னாலும் பின்னாலும் சோபா மாதிரி சீட்டு. இத்தனை காலம் துடைத்துத் துடைத்து, கதவைத் திறந்துவிட்டு சலாம் போட்ட வண்டி. அதில் சொந்தக்காரனாக உட்கார வேண்டும் என்று அவருக்கு இருந்திருக்காதா? இப்போது புரிகிறது. அப்போது எனக்கு அது அவருடைய பிடிவாதமாக மட்டும்தான் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எங்களுக்குக் காட்டக் கொண்டுவந்தார். சந்துக்குள் நுழையவில்லை. மெயின் ரோட்டில் நிறுத்தினார். தெருவே திரண்டு வந்துவிட்டது. அம்மா வண்டியைச் சுற்றிப் பார்க்கவே இல்லை. பின்கதவைத் திறந்து, "ஏறு" என்றாள் அக்காவிடம்.

அக்கா திரும்பி நின்று பின்பக்கமாக உட்கார முயன்றாள். சீட்டு உயரம். எப்படியோ உட்கார்ந்தாள். நீட்டிக்கொண்டிருந்த காலை உள்ளே திருப்பிய பிறகுதான் முட்டிப் பூட்டை எடுக்க முடியும். கதவு இடம் கொடுக்கவில்லை. கீழ்ப்பக்கம் சக்கரத்துக்காக வளைந்து குறுகியிருந்தது. பூட்ஸ் அதில் மாட்டிக்கொண்டது. முன்கதவிலும் பார்த்தாள். அங்கே முட்டி இடித்தது. தெருவே பார்த்துக்கொண்டிருக்க அவள் முகம் சிவந்துபோனது.

"அட, நகரு. நான் தூக்கி உக்கார வெக்கிறேன்" என்று அப்பா குனிந்தார்.

"நீ டூட்டில இருக்கும்போது யாரு தூக்கறது?" என்றாள் அம்மா. "இது வேணாம்."

"எப்பேர்ப்பட்ட வண்டி தெரியுமா இது? மந்திரி குந்திக்கினு போன வண்டி!"

"மந்திரிக்குக் காலு மடங்கும்" என்றாள் அம்மா. "எம் பொண்ணுக்கு மடங்காது. எடுத்துக்கினு போ."

எங்கள் வீட்டில் அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

விழுந்ததில் அக்காவின் கால் இரும்பு கொஞ்சம் வளைந்திருந்தது. அதை நிமிர்த்த எங்கள் பக்கத்து மெக்கானிக் ஷெட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே இருந்தவரை எல்லாரும் பாய் என்போம். பஸ் ஆக்சிலிலிருந்து சைக்கிள் பெடல் வரை எல்லாவற்றையும் ஒரே சுத்தியலால் பார்த்துக்கொள்வார். அக்காவின் இரும்பையும் அதே சுத்தியல்தான் பார்த்தது. அவர் தட்டிக்கொண்டிருந்தபோது அம்மா ஷெட்டின் மூலையைப் பார்த்தபடி நின்றாள். அங்கே அந்தக் கான்வென்ட் டீச்சருடைய வண்டி நின்றுகொண்டிருந்தது. அவர் ஆஸ்திரேலியாவுக்கே போய்விடுகிறாராம், விற்றுக் கொடுக்கச் சொல்லி விட்டுப் போயிருந்தார்.

வெளிறிப்போன பச்சை நிறம். தாழ்வாக, குட்டையாக இருந்தது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே கதவு. பின்னால் போகிறவர்கள் முன்சீட்டை மடக்கிவிட்டுக் குனிந்து புகுந்துதான் போக வேண்டும். ரேடியோ கிடையாது. ரெக்ஸின் கிழிந்து உள்ளேயிருந்து தேங்காய் நார் எட்டிப் பார்த்தது. இந்தக் காலத்தில் கார் வைத்திருப்பவர்கள் அதைக் கார் என்று ஒத்துக்கொள்ள யோசிப்பார்கள்.

ஆனால் இரண்டே கதவு என்பதால் ஒவ்வொரு கதவும் பீரோ கதவு அகலத்துக்கு இருந்தது.

அம்மா இடப்பக்கக் கதவைத் திறந்தாள். "ஏறு."

அக்கா முதுகைக் காட்டி நின்றாள். உட்கார்ந்தாள். நீட்டிய கால் நீட்டியபடியே உள்ளே திரும்பியது. எதிலும் இடிக்கவில்லை. டக். பூட்டு திறந்து முட்டி மடங்கியது. கதவைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

"எறங்கு" என்றாள் அம்மா. இறங்கினாள். "இன்னொரு வாட்டி ஏறு."

பாய்க்குப் பொறுக்கவில்லை. "அம்மா, இஞ்சின் பாரு முதல்ல. பிரேக் லைனிங் பாரு. ஏறி எறங்கறதையா பாக்கறது?"

"இஞ்சின் இருக்குதில்ல?"

"இருக்குது."

"அது ஓடலேன்னா நீ பாத்துக்கோ. எனக்கு இதுதான் பாக்கணும்." திரும்பி, "எறங்குடி. மறுபடி ஏறு" என்றாள்.

வேர்த்து வழிய ஏறி இறங்கிக்கொண்டிருந்த அக்கா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். ஸ்டாப்பில் விழுந்ததற்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். கடைசியில் ஏறியவள் இறங்கவில்லை. நடுவில் இருந்த கியர் கம்பியின் வெள்ளைக் குமிழை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "அம்மா, அந்தப் பக்கம் குந்திப் பாக்கட்டா?" என்றாள்.

"அந்தப் பக்கம் உனக்கு எதுக்குடி?"

"கிளட்சுக்கு எடது காலு வேணும் பேட்டி. அது நக்கோ, வேணாம் மகளே" என்றார் பாய்.

சரியென்று இறங்கிவிட்டாள்.

அப்பா ஷெட்டுக்கு வந்து பார்த்தார். "மீதி ரெண்டு கதவு எங்க போச்சு? வித்துத் தின்னுட்டாங்களா?" என்றார். "நாலு பேரு பாக்கிற எடத்துல நான் இந்தத் தகரத்த ஓட்டணுமா? கை வெக்க மாட்டேன்."

"வெக்காத. நான் கத்துக்கினு ஓட்டறேன்" என்றாள் அம்மா.

இனி நான் சொல்லப்போவது எங்கள் சந்துக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் நடந்திருக்காது. எங்கள் சந்துக்குள் கார் வருவது மூன்றே காரியத்துக்கு. கல்யாணம் என்றால் பூ ஜோடனையோடு வரும். பிரசவம் என்றால் ஹாரன் அலற வரும். ஹாரன் அடிக்காமல் மெதுவாக வந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து பிணத்தைக் கொண்டுவருகிறார்கள் என்று பொருள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. எல்லாருக்கும் தெரியும்.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில் பாய்தான் ஓட்டினார். ஹாரன் வேலை செய்யவில்லை, அடுத்த வாரம் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். முன்சீட்டின் சாய்மானப் பூட்டும் உடைந்திருந்தது, அதைக் கயிற்றால் கட்டியிருந்தார். அக்கா முன்னால், அம்மாவும் நானும் பின்னால். பாதி வழியில் ஒரு பள்ளத்தில் கயிறு அறுந்து, சீட்டு அக்காவோடு மல்லாக்கச் சாய்ந்துவிட்டது. அவள் அப்படியே படுத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்குது, ஓட்டுங்க பாய்" என்றாள். அம்மா அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள். எனக்கோ பெட்ரோல் வாசனையும் ஈர ரெக்ஸின் வாசனையும் குடலைப் பிரட்ட, ஓவென்று அழுதுகொண்டிருந்தேன்.

சந்துக்காரர்கள் பார்த்தது இதுதான்: மெதுவாக, சத்தமில்லாமல் ஒரு கார். உள்ளே கண்மூடி மல்லாந்து கிடக்கும் பெண். அவள் தலை அம்மாவின் மடியில். தங்கைக்காரி கதறிக்கொண்டிருக்கிறாள். கொஞ்ச நாளுக்கு முன்னால்தான் பஸ்ஸிலிருந்து விழுந்தவள் வேறு.

"ஐயோ, போய்ட்டாளே!" என்று யாரோ முதல் குரலை எடுத்தார்கள். அவ்வளவுதான். ஒருவர் பூக்கடைக்கு ஓடினார். இன்னொருவர் தப்பட்டைக்காரர்களைக் கூப்பிட ஓடினார். இதுபோன்ற காரியத்தில் எங்கள் சந்தைவிடச் சுறுசுறுப்பான இடம் இந்த ஊரிலேயே கிடையாது. குறுகிய சந்தில் ஆட்கள் அடைத்துக்கொண்டதால் வண்டி நகர முடியாமல் நின்றது. எங்கள் வீட்டிலிருந்து, சண்டையைத் தொடர்வதற்காகவே காலையிலிருந்து காத்திருந்த அத்தை, தலையை விரித்துக்கொண்டு ஓடிவந்து வண்டி மேல் விழுந்தாள்.

"என் தங்கமே! கணக்குல ராணியே! காலு எப்படி இருந்தா இன்னாடி, உன்ன மாதிரி ஒரு பொண்ணு இந்த வம்சத்துல உண்டா? நொண்டின்னு சொன்ன வாயில மண்ணு விழ!" என்று மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள்.

அக்கா கண்ணைத் திறந்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள்.

சந்து மொத்தமும் ஒரு அடி பின்வாங்கியது. அத்தையின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

"நிறுத்தாத அத்தை" என்றாள் அக்கா. "நல்லாருந்துது. இன்னும் கொஞ்சம் சொல்லு."

"அடிப்பாவி! செத்துட்டியேன்னு உசுரக் குடுத்து அழுதா, எந்திரிச்சி குந்திக்கினு நக்கல் பண்றியா?" என்று அத்தை அவளை அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கை அவள் கன்னத்தைத் தடவியது. அத்தைக்கு அவள்மேல் அவ்வளவு பிரியம் இருந்தது என்பது சாவு விழுந்ததாக நினைத்த அந்த ஐந்து நிமிஷத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது. மனுஷர்கள் சிலர் இப்படித்தான். உயிரோடு இருப்பவர்களிடம் சொல்ல வெட்கம்.

அதற்குள் மாலை வந்துவிட்டது. சம்பங்கியும் சாமந்தியும் சேர்த்துக் கட்டிய ஆள் உயர மாலை. வாங்கி வந்தவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். சாவுக்கு வாங்கிய மாலையைக் கடைக்குத் திருப்பக் கூடாது. வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. கீழே போடவும் கூடாது. யாரும் கைநீட்டவில்லை.

அம்மா பாயை இறங்கச் சொல்லி, அவருடைய சீட்டை மடக்கிவிட்டு, குனிந்து, வண்டியிலிருந்து வெளியே வந்தாள். மாலையை வாங்கினாள். வண்டியின் முன்மூடி மேல் சாத்தினாள்.

"ஏண்டி, சாவு மாலைய வண்டிக்குப் போடறியா? வெளங்குமா?" என்று அத்தை அலறினாள்.

"பூவுக்கு இன்னா தெரியும் அண்ணி, யாருக்கு வாங்குனாங்கன்னு? எம் பொண்ணு உசுரோட ஊட்டுக்கு வந்துருக்கா. அதுக்கு மேல இன்னா வெளங்கணும்?" என்றாள் அம்மா. பின்னால் தப்பட்டைக்காரர்கள் வந்து நின்றார்கள். தோலைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்களாம், இப்போது என்ன செய்வது என்று கேட்டார்கள். "வந்தது வந்துட்டீங்க. அடிங்க" என்றாள். அடித்தார்கள் பாருங்கள்! மழை தொடங்கும்வரை அடித்தார்கள். பாய் சுத்தியலும் கையுமாக நடுவில் நின்று ஆடினார். அக்கா கதவைத் திறந்து, தானே இறங்கி, பூட்டைப் போட்டுக்கொண்டு நின்று கைதட்டினாள்.

அதன் பிறகு எங்கள் வண்டிக்கு 'சாவு வண்டி' என்று பெயர் விழுந்துவிட்டது. அதில் ஏறினால் ஆகாது என்று யாரும் ஏறவில்லை. அடுத்த தெருவில் கார் வைத்திருந்தவரோ, ஊரிலுள்ள எல்லாரையும் சினிமாவுக்கும் சந்தைக்கும் ஏற்றி இறக்கியே சலித்துப்போனார். எங்களை ஒருத்தரும் கேட்கவில்லை. பேரு கெட்டதும் நல்லதுக்குத்தான்.

அம்மா வண்டி பழகியது அல்சூர் ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு காலி மைதானத்தில். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாய் கற்றுக்கொடுப்பார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெற்றுக்காலால் கிளட்சை மிதிப்பாள் அம்மா. கால் சரியாகப் போகும், கை போகாது. கியர் மாற்றக் கீழே பார்த்தால் வண்டி எங்கேயாவது போய்விடும். மூன்றாவது வாரமோ என்னவோ, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, "நீ மிதி, நான் போடறேன்" என்றாள். அம்மா கிளட்சை மிதிப்பாள், "ரெண்டு" என்பாள். அக்கா வலது கையால் குமிழைப் பிடித்து, ஒரு முனகல்கூட இல்லாமல் இரண்டாவது கியரில் போடுவாள். கொஞ்ச நாளில் அம்மா எண்ணைச் சொல்லவே தேவையிருக்கவில்லை. இஞ்சின் சத்தத்தைக் கேட்டே அக்காவின் கை நகர்ந்துவிடும்.

ஒரு நாள் மைதானத்து ஓரத்தில் கறி வாங்குகிற பையோடு அப்பா நின்றுகொண்டிருந்தார். கறிக்கடை நேரெதிர் திசையில் இருந்தது. எவ்வளவு நேரமாக நின்றாரோ. வண்டி ஒருமுறை இருமி நின்றதும், "பாதி மிதிக்காத! முழுசா மிதி! கிளட்ச்சு தேஞ்சி போச்சுன்னா யாரு மாத்தறது?" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார். "இது இன்னா கூத்து? ஒருத்தி மிதிக்க, ஒருத்தி கியர் போட, ரெண்டு பேரு சேந்து ஓட்டற வண்டிய எங்கயாவது பாத்துருக்கியா?"

"தகரத்துல கை வெக்க மாட்டேன்னியே?" என்றாள் அம்மா.

அப்பா பையை என் மடியில் போட்டுவிட்டு, பாயை இறக்கிவிட்டு, பின்னால் குனிந்து புகுந்து உட்கார்ந்தார். அங்கிருந்து அம்மாவின் தோளுக்கு மேலாக எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். அடுத்த வாரம் முதலாளி வண்டியைத் துடைக்கிற மஞ்சள் துணியால் இந்த வண்டியைத் துடைத்தார்.

லைசென்ஸ் சோதனையில் அம்மா முதல் தடவை தோற்றாள். பக்கத்தில் அக்கா இல்லை, கியர் யார் போடுவது? இரண்டாம் தடவை தனியாகவே ஜெயித்து வந்தாள். வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. கல்லூரி திறந்த அன்று கொட்டுகிற மழையில் இருவருமாகத்தான் ஓட்டிக்கொண்டு போனார்கள். நான் பின்னால். அம்மா பக்கத்து வைப்பர் மட்டுமே அசையும். மறுபக்கத்துக் கண்ணாடியை அக்கா அடிக்கடி ஜன்னல் வழியாகக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே வந்தாள்.

டிரினிட்டி சர்க்கிளில் நின்றபோது பக்கத்தில் ஒரு புத்தம்புது கார் வந்து நின்றது. ஓட்டுகிறவர் அப்பா. பின்னால் முதலாளி. அப்பா எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலை மட்டும் தூக்கினார். சாயங்காலம் வந்து சொன்னார்: "யாருய்யா அந்தப் பொம்பள, இந்த மழையில இப்படி ஓட்டறான்னு கேட்டாரு. என் ஊட்டுக்காரி சார், அது எங்க வண்டின்னேன்." அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்லூரி வாசலில் காவல்காரர், "காடி ஒளகே பிடல்லம்மா" என்று வண்டியை உள்ளே விடாமல் வழிமறித்தார். அம்மா அவரிடம் சண்டை போடவில்லை. கண்ணாடியை இறக்கி, "சரி, நீயே எட்டிப் பாரு. அவ இங்கருந்து நடந்தா நனைவா. படி கிட்ட எறக்கிட்டு வந்துடறேன். கூட வர்றியா, தள்ளி நிக்கிறியா?" என்றாள். அவர் உள்ளே அக்காவின் காலைப் பார்த்தார். நகர்ந்தார். படிக்கட்டில் நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்க, வெளிறிய பச்சை வண்டியின் பீரோ கதவு திறந்தது. நீட்டிய கால் முதலில் வந்தது. டக். அக்கா நின்றாள். யார் கையும் அவள் மேல் படவில்லை. ஒரு படி, இன்னொரு படி என்று ஏறிப் போனாள். அம்மா ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டாள். மழைச் சத்தத்தில் அவள் அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா படித்து முடித்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து, பிறகு தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றாள். 'எவனாவது ஒரு நல்லவன்' வரவேயில்லை. அவளும் தேடவில்லை. அந்த வண்டியை ஒரு நாள் பழைய இரும்புக்காரர் கட்டி இழுத்துக்கொண்டு போனார். வெள்ளைக் குமிழை மட்டும் நான் கழற்றி வைத்திருந்தேன். எந்த வீடு மாற்றத்திலோ அதுவும் தொலைந்துவிட்டது.

போன வாரம் கார் கடைக்குப் போனோம். அக்கா, நான், கூடவே கண்காணிக்க மகன். விற்கிற பையன் டை கட்டியிருந்தான். பெரிய திரையைக் காட்டினான். பேசினால் பதில் சொல்லுமாம் வண்டி. கூரை திறக்குமாம். என் மகன் கண்ணில் அப்பாவின் அந்தக் கறுப்பு வண்டி ஆசை அப்படியே தெரிந்தது. "எனக்குப் பேசறதுக்கு ஆள் இருக்குப்பா. இருக்கறதுலயே சாதாரணமா, கிளட்ச் இல்லாம ஒண்ணு காட்டு" என்றேன். முகம் சுருங்கி, மூலையில் நின்ற ஒரு சின்ன வெள்ளை வண்டியிடம் கூட்டிப்போனான்.

நான் அம்மா மாதிரியே இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்தேன். "ஏறுக்கா. ஏறி எறங்கிப் பாரு."

அக்கா கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு வண்டியின் முன்பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். மறுபக்கம் போய்விட்டாள்.

"மேடம், அது டிரைவர் சைடு" என்று பையன் ஓடினான்.

"தெரியும்பா" என்றாள்.

நான் கதவைப் பிடித்தபடியே நின்றேன். ஊரையே எதிர்த்து நின்ற எங்கள் அம்மாகூட அன்றைக்கு இடப்பக்கக் கதவைத்தான் திறந்தாள். பாயும் அப்பாவும் அப்படியே. எதிர்க்கத் தெரிந்தவர்களுக்குக்கூட ஒரு கதவுதான் கண்ணில் பட்டது. இவளுக்கு மட்டும் அந்தப் பக்கம் இத்தனை காலமாகத் தெரிந்திருக்கிறது.

அக்கா முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இடது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தாள். டக். கதவைத் தானே சாத்தினாள்.

"இந்தக் காலுக்கு இங்க ஒண்ணும் வேலை இல்லையே?" என்று பையனிடம் கேட்டாள்.

"இல்ல மேடம். லெஃப்ட் லெக் சும்மாவே வெச்சிக்கலாம்."

"அதத்தான் அது சின்ன வயசுலருந்து பண்ணிக்கினு இருக்குது" என்று சொல்லி அக்கா சிரித்தாள். ஷெட்டில் சிரித்த அதே சிரிப்பு.

"பெரியம்மா, இந்த வயசுலயா? லைசென்ஸ் வேணும், பழகணும், நம்ம ஊரு டிராஃபிக்கு..." என்று மகன் அடுக்கிக்கொண்டே போனான்.

"எல்லாம் வேணும். நாளைக்குப் போய்க் கேக்கலாம். கூட்டிக்கினு போறியா, நானே போவட்டா?" என்றாள் அக்கா.

அவள் கை தானாக நடுவில் இருந்த கம்பியைத் தேடிப் பிடித்தது. பழக்கம். பிறகு ஞாபகம் வந்தவளாகக் கையை எடுத்து ஸ்டியரிங் மேல் வைத்தாள். நான் திறந்து பிடித்திருந்த கதவு வழியாக என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள்.

"இன்னாடி கதவப் புடிச்சிக்கினு நிக்கிற? ஏறு. கியர் போட ஆள் வேணாமாம். நீ சும்மா குந்து."

ஏறிக்கொண்டேன். சும்மா உட்கார்ந்தேன்.